அரெஸ்ட் ஆனது கப்பல்தான்: வடாற்காட்டு மக்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு கப்பல் ஃபிட்டரின் திறந்த மடல்

வேலூர், அரக்கோணம் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் திருவலம் பக்கத்துக்காரன். சரக்குக் கப்பலில் ஃபிட்டர். பைப் ஒழுகினால் அடைப்பது, தளத்தில் துரு தின்ற தகட்டை வெட்டிவிட்டு வேறு தகடு வைத்து ஒட்டுவது, லேத்தில் போல்ட் கடைவது, இதெல்லாம் என் வேலை. அதற்கு முன்னால் ராணிப்பேட்டை சிப்காட்டில் பதினோரு வருஷம் வெல்டிங் பிடித்தேன். முப்பத்திரண்டு வயதுவரை நான் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, மெரினாவில், பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு. அடுத்த தடவை பார்த்தபோது அதன் மேலேயே இருந்தேன்.

நீங்கள் யாரும் என்னை ஏமாற்றவில்லை. உங்கள் மேல் புகார் சொல்ல இதை எழுதவில்லை. ஒரு காரியம் கேட்க வேண்டியிருக்கிறது. அதைக் கேட்பதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நான் கேட்பது சின்ன விஷயமாகத் தெரியும்.

2023 பிப்ரவரியில் எங்கள் கப்பல் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நாட்டின் பெயரை எழுதப்போவதில்லை. கப்பல், கம்பெனி, என்னை அனுப்பிய ஏஜென்ட், இவர்கள் பெயரும் வேண்டாம். இருபத்தேழு வருஷத்துக் கிழட்டுக் கப்பல். முதலாளி ஒரு நாடு, கொடி ஒரு நாடு, நிர்வாகம் பார்க்கிற ஆபீஸ் இன்னொரு நாடு. பதினேழு பேர் இருந்தோம். அதில் ஏழு பேர் இந்தியர்.

எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் கஸ்டம்ஸ்காரர்கள் ஏறுவார்கள். அவர்களுக்குச் சில படிவங்கள் கொடுக்க வேண்டும். கப்பலில் இருக்கும் ஸ்டோர் கணக்கு ஒன்று: எவ்வளவு அரிசி, எவ்வளவு இறைச்சி, எத்தனை பெட்டி சிகரெட், எவ்வளவு டீசல், எவ்வளவு எண்ணெய். ஒவ்வொரு ஆளின் சொந்தச் சாமான் கணக்கு இன்னொன்று: எத்தனை போன், லேப்டாப், கேமரா, எத்தனை பாக்கெட் சிகரெட். பெரும்பாலான ஊர்களில் அவர்கள் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு, சிகரெட்டும் மதுவும் இருக்கும் அறைக்குச் சீல் வைத்துவிட்டு இறங்கிவிடுவார்கள். சில ஊர்களில் பெயின்ட் டப்பாவைக்கூட எண்ணுவார்கள். அன்றைக்கு வந்தவர்கள் எண்ணுகிற ஜாதி.

என்ஜின் ரூமில் லூப் ஆயில், அதாவது என்ஜினுக்கு விடுகிற மசகு எண்ணெய், இருக்கும் தொட்டியை அளக்க வேண்டும் என்றார்கள். டேப்பை இறக்கியது நான்தான். டேப்பின் நுனியில் பித்தளைக் குண்டு ஒன்று தொங்கும். பைப்பின் வாயில் அதைவிட்டு, அடியில் டக்கென்று இடிக்கும்வரை இறக்கி, மேலே இழுத்து, எண்ணெய் எதுவரை பளபளக்கிறதோ அந்தக் கோட்டைப் படிக்க வேண்டும். இளவயது அதிகாரி ஒருவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் நின்றார். படிவத்தில் எழுதியிருந்தது 4,200 லிட்டர். டேப் சொன்னது ஆறாயிரத்துக்கு மேல். நான் சீஃப் இன்ஜினியரைப் பார்த்தேன். அவர் டேப்பைப் பார்க்காமல் மேலே ஓடுகிற கேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது கடத்தல் எண்ணெய் இல்லை. வீட்டில் பெண்கள் அரிசிப் பானைக்குள் கொஞ்சம் பணம் சேர்த்து வைப்பார்களே, அந்த மாதிரி. கேட்ட நேரத்தில் கம்பெனி எண்ணெய் அனுப்பாது என்பதால், பழைய கப்பல்களில் இன்ஜினியர்கள் கணக்கில் குறைத்துக் காட்டிக் கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொள்வார்கள். ஆனால் கஸ்டம்ஸ்காரருக்கு அரிசிப் பானைக் கதை எல்லாம் கிடையாது. கணக்கில் காட்டாத சரக்கு என்றால் கணக்கில் காட்டாத சரக்குதான். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அளந்ததும் நான், படித்ததும் நான்.

அபராதம் போட்டார்கள். கட்டியிருந்தால் இரண்டாம் நாள் விட்டிருப்பார்கள். முதலாளி கட்டவில்லை. கட்டும்வரை கப்பல் நகரக் கூடாது என்று உத்தரவு ஒட்டினார்கள். செய்தி பரவியதும், முன்னால் ஏதோ ஒரு ஊரில் டீசல் கொடுத்துப் பணம் வராத வியாபாரி அந்த ஊர்க் கோர்ட்டுக்குப் போய்க் கப்பலை அரெஸ்ட் செய்தார். அப்புறம் துறைமுகக் கட்டணம் ஏறியது. கடன் கப்பலின் விலையைத் தாண்டியதும் முதலாளிக்கு அது கப்பல் இல்லை, தலைவலி. போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். உள்ளூர் ஏஜென்டும் மெதுவாக விலகிக்கொண்டார். கரையிலிருந்து இரண்டு மைல் தள்ளி நங்கூரம் போட்டு உட்கார்ந்திருந்தோம். ராத்திரியில் ஊர் விளக்கு தெரியும். இறங்க அனுமதி இல்லை.

நாங்கள் ஏன் விமானம் ஏறி வந்துவிடவில்லை என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆளில்லாத கப்பலை எந்தத் துறைமுகமும் விடாது. காற்றடித்தால் நங்கூரம் இழுபடும், பக்கத்துக் கப்பலில் போய் மோதும். அதனால் குறைந்தபட்சம் இத்தனை பேர் இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. எங்கள் கப்பலுக்கு அது பதினொன்று. அப்படியென்றால் ஆறு பேர் போகலாம். அந்த ஆறு பேர் யார்? யாருக்காக யார் கேட்டார்களோ அவர்கள். ஃபிலிப்பைன்ஸ்காரர்கள் மூன்று பேர் மூன்றாம் மாதமே போய்விட்டார்கள். அவர்களுடைய மனைவிமாருக்கு முதல் போன் எங்கே போட வேண்டும் என்று தெரிந்திருந்தது. அடுத்த மூன்று இடமும் வேறு நாட்டுக்காரர்களுக்குப் போயிற்று. மீதிப் பதினொரு பேரில் நாங்கள் ஏழு பேர்.

தண்ணீர் படகு வருவது நின்றபோது கேப்டன் என்னைத் தண்ணீருக்குப் பொறுப்பாகப் போட்டார். நான் பாலாற்றுப் பக்கத்துக்காரன் என்பது அவருக்குத் தெரியாது, ஆனாலும் சரியான ஆளைத்தான் பிடித்தார். தெருக்குழாயில் குடம் வரிசை போட்டு வளர்ந்தவனுக்கு ஆளுக்கு ஆறு லிட்டர் என்று பங்கு வைக்கத் தெரியாதா? ஏசி மெஷினிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்துத் துணி துவைக்க வைத்தேன். மேல் தளத்தில் தார்ப்பாய் கட்டி மழைத் தண்ணீரை டிரம்முக்கு இறக்கினேன். ஜெனரேட்டர் சாயங்காலம் இரண்டு மணி நேரம். அதற்குள் சமையல், போன் சார்ஜ், எல்லாம். ஆறாம் மாதம் அரிசியில் புழு. பொறுக்கிப் போட்டுவிட்டுச் சாப்பிட்டோம்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. முகமது ஆயிஷா என்று ஒரு சிரியாக்காரர். 2017 ஜூலையில் எகிப்தின் அதபியா துறைமுகத்தில் அவருடைய கப்பலைப் பிடித்தார்கள், சான்றிதழ்கள் காலாவதியாகிவிட்டன என்று. கேப்டன் கரையில் இருந்ததால், அடுத்த நிலையில் இருந்த இவரைக் கப்பலுக்குச் சட்டப்படி காப்பாளர் என்று கோர்ட் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டது. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், இவர் தனியாக நின்றார். இடையில் அம்மா இறந்தார், போக முடியவில்லை. 2020இல் புயலில் கப்பல் கரைப் பக்கம் நகர்ந்து தரைதட்டியது. அதன்பிறகு சில நாளுக்கு ஒருமுறை கரைக்கு நீந்திப் போய்ச் சாப்பாடு வாங்கி, போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு திரும்புவார். விட்டது 2021 ஏப்ரலில். நாலு வருஷம். அவர் செய்த குற்றம் என்னவென்று கேட்டால், ஒரு காகிதத்தில் இருந்த கையெழுத்து.

பெரிய கம்பெனி என்றாலும் தப்பிக்க முடியாது. 2022 ஆகஸ்டில் ஹீரோயிக் இடுன் என்ற எண்ணெய்க் கப்பலை ஈக்வடோரியல் கினியா பிடித்தது. இருபத்தாறு பேரில் பதினாறு பேர் இந்தியர். அங்கிருந்து நைஜீரியாவுக்குக் கொண்டுபோனார்கள். 2023 மே மாதக் கடைசியில்தான் விட்டார்கள். நாங்கள் நங்கூரத்தில் கிடந்தபோது ஜெனரேட்டர் ஓடுகிற இரண்டு மணி நேரத்தில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, அடுத்தது நாம்தான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். இல்லை. இன்னும் நாலு மாதம் ஆயிற்று.

பணக்காரர்களுக்கும் இதே கதைதான் என்பதை நினைத்தால் சிரிப்பு வரும். 2013 நவம்பரில் மெக்சிகோவின் வரித்துறை ஆட்கள் படகுத்துறைகளில் இறங்கி, வெளிநாட்டு உல்லாசப் படகுகள் 338ஐ நகரக் கூடாது என்று பூட்டிவிட்டார்கள். தற்காலிக இறக்குமதிப் பர்மிட், படகின் உடலில் பொறித்த எண், இதில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்பது காரணம். அந்தப் பர்மிட் பத்து வருஷத்துக்குச் செல்லும். பல படகுகளில் ஆளே இல்லை, ஆகவே காகிதத்தை எடுத்துக் காட்டவும் ஆள் இல்லை. விடுவிக்க மாதக்கணக்கில் ஆயிற்று. ஆனால் அந்தப் படகின் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கினார். பூட்டப்பட்டது படகு மட்டும். எங்களுக்குத் தலையணையும் கப்பலுக்குள்தான்.

நம் நாடு மட்டும் யோக்கியமா என்று யாராவது கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. 2013 அக்டோபரில் தூத்துக்குடிக் கடலில் சீமேன் கார்டு ஓகையோ என்ற கப்பலைப் பிடித்தோம். கடற்கொள்ளையரிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காக்கிற கம்பெனியின் கப்பல் அது. அதில் இருந்த முப்பத்தைந்து பேரில் ஆறு பேர் பிரிட்டிஷ்காரர், பதினாலு பேர் எஸ்டோனியாக்காரர். பாதுகாப்புத் துப்பாக்கிகளுக்கு நம் கடலில் அனுமதி இல்லை என்பது வழக்கு. 2016இல் ஐந்து வருஷச் சிறை என்று தீர்ப்பு வந்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லோரையும் விடுதலை செய்தது. நாலு வருஷம் ஜெயில், ஜாமீன் என்று இங்கேயே மாட்டிக்கொண்டிருந்த எஸ்டோனியாவின் பிள்ளைகளுக்காக அவர்களுடைய அம்மாக்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று கப்பலில் இருந்தபோதுதான் யோசித்தேன். பேப்பரில் வந்த நாளில் நான் யோசிக்கவில்லை.

வேலூருக்கு வெளிநாட்டு ஆளைப் பிடித்து வைத்த பழக்கம் இன்னும் பழசு. கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீவிக்ரம ராஜசிங்கனை வெள்ளைக்காரன் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து கோட்டைக்குள் வைத்தான். 1832இல் அவர் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்தபோது கூட்டிப்போனார்கள். அன்றைக்கு அது எனக்கு வெறும் சுற்றுலா.

சரி, நான் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்கு எழுதுவதே அதற்காகத்தான்.

கப்பல் அரெஸ்ட் என்று நான் போனில் சொன்ன வார்த்தைதான் முதல் தப்பு. கப்பல் வேலையில் அது சாதாரண வார்த்தை. கடனுக்காகக் கோர்ட் கப்பலைப் பிடித்து வைத்தால் அரெஸ்ட் என்றுதான் சொல்வோம். ஊரில் அரெஸ்ட் என்றால் ஒரே அர்த்தம். அதிலும் வேலூர் என்றாலே ஜெயில் என்று சொல்லிப் பழகிய சீமை இது. இரண்டே நாளில், நான் ஏதோ கடத்திப் பிடிபட்டு வெளிநாட்டு ஜெயிலில் இருக்கிறேன் என்று தெருமுனை டீக்கடைவரை போய்விட்டது. என் மூத்த பெண்ணுக்கு அப்போது ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தோம். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, வருவதை நிறுத்திவிட்டார்கள். என் மனைவி அதை என்னிடம் நாலு மாதம் சொல்லவில்லை. "இன்னா சாப்ட்டீங்க?" என்று மட்டும் தினமும் கேட்பாள். நான் சாப்பிட்டதாகப் பொய் சொல்வேன், அவள் எல்லாம் நல்லாயிருக்கிறது என்று பொய் சொல்வாள்.

மனு கொடுக்கும் நாளில் அவள் ஓர் அலுவலகத்துக்குப் போனாள். எந்த அலுவலகம் என்பது முக்கியம் இல்லை, எதுவாக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். மனுவைப் படித்தவர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லியிருக்கிறார்.

"மீன் பிடிக்கப் போன போட்டாம்மா? லங்கா நேவி பிடிச்சிருக்கா?"

"லங்கா இல்லீங்க. வேற நாடு. இது பெரிய கப்பல், சரக்குக் கப்பல்."

"அப்ப உங்க வீட்டுக்காரர் எந்த நாட்டு விசாவுல இருக்காரு?"

"விசா இல்லீங்க. கப்பல்ல இருக்காரு."

அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதினார். மூன்று வாரம் கழித்துத் தபால் வந்தது. மனு மீன்வளம் பார்க்கிற இடத்துக்கு அனுப்பப்பட்டிருந்தது. அங்கிருந்து, மனுதாரரின் கணவர் மீனவர் இல்லை என்பதால் நடவடிக்கை எடுக்க இயலவில்லை என்று திரும்பி வந்திருந்தது. கடலே இல்லாத ஊரில் என் வீட்டுக்காரிக்கு நான் மீனவன் இல்லை என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த சான்றிதழ் இருக்கிறது. இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

யாரையும் குறை சொல்ல முடியவில்லை என்பதுதான் எரிச்சல். இந்தச் சீமையில் ராணுவத்துக்குப் போகாத தெரு கிடையாது. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வோம். பட்டாளத்துக்காரர் வீட்டில் ஒன்று என்றால் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் எங்கே என்று சின்னப் பையனும் வழிகாட்டுவான். கடலோர மாவட்டத்தில் மீனவருக்குச் சங்கம் இருக்கிறது, துறை இருக்கிறது. வளைகுடாவுக்குக் கொத்து வேலைக்குப் போனவருக்கு விசா எண்ணும் போன நாடும் இருக்கிறது, அயலகத் தமிழர் என்ற பெயரும் இருக்கிறது. சரக்குக் கப்பல்காரன் எந்த நாட்டிலும் குடியிருப்பதில்லை. எந்தப் படிவத்திலும் அவனுக்குக் கட்டம் இல்லை. தூத்துக்குடியில் பிறந்திருந்தால் பக்கத்து வீட்டிலேயே கப்பலில் தள ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்த ஒரு பழைய போசன் இருந்திருப்பார், இன்ன ஆபீசுக்குப் போ என்று சொல்லியிருப்பார். திருவலத்தில் யார் சொல்வார்கள்?

நாங்கள் எப்படி வந்தோம் என்பதையும் கேளுங்கள். ஆகஸ்டில், துறைமுகத்தில் மாலுமிகளுக்கு உதவி செய்யும் பெரியவர் ஒருவர் லாஞ்ச் பிடித்து எங்கள் கப்பலுக்கு வந்தார். சிம் கார்டும், இரண்டு பெட்டி பிஸ்கட்டும் கொண்டுவந்தார். பாலில்லாத டீ கொடுத்தோம். சாப்பாட்டு ரூமில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த ஒரு காகிதத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார். பிறகு திரும்பி, இந்த நம்பருக்கு யாராவது பேசினீர்களா என்று கேட்டார்.

அது இன்சூரன்ஸ் சான்றிதழ். 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று ஒன்று உண்டு. இந்தியாவும் 2015இல் ஏற்றுக்கொண்டது. 2017 ஜனவரியில் அமலுக்கு வந்த அதன் திருத்தம் என்ன சொல்கிறதென்றால், இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டாலோ, சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் விட்டுவிட்டாலோ, ஊருக்கு அனுப்பும் செலவை முதலாளி ஏற்காவிட்டாலோ, அந்த மாலுமி கைவிடப்பட்டவர். உடனே இன்சூரன்ஸ்காரர் உள்ளே வர வேண்டும். சாப்பாடு, டிக்கெட், நிலுவையில் நாலு மாதச் சம்பளம்வரை அவர் கொடுக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வைக்க வேண்டும் என்பதும் அதே விதி. எங்கள் முதலாளி அந்த விதியை மட்டும் ஒழுங்காக மதித்திருந்தார். ஆறு மாதம் அந்தக் காகிதத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் நாங்கள் புழு பொறுக்கினோம்.

கேப்டனுக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு முதலாளி எப்படியும் பணம் அனுப்பிவிடுவார் என்ற நம்பிக்கை, அல்லது பயம். நாங்களும் படிக்கவில்லை, என் தப்பும் இதில் உண்டு. சிறு எழுத்து ஆங்கிலம், மேலே சீல், பார்த்தால் தீயணைப்புக் கருவிச் சான்றிதழ் மாதிரி இருந்தது. அதற்கு முன்னால் கயிறு கட்டித் துணி காயப் போட்டிருந்தோம்.

பெரியவர் வந்துபோன இருபத்தாறாம் நாள் எங்கள் ஏழு பேருக்கும் டிக்கெட் வந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, கைவிடப்பட்ட மாலுமிகளுக்காக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் எங்கள் கப்பலின் பெயர் ஏறியதும் பேசாதவர்கள் எல்லாம் பேசினார்கள். துறைமுகம் கப்பலுக்குக் காவல் ஆள் போட்டுக்கொண்டது. செப்டம்பரில் காட்பாடியில் இறங்கினேன். ஏழு மாதச் சம்பளத்தில் நாலு மாதம் கைக்கு வந்தது. மூன்று மாதம் போயிற்று. ஏப்ரலிலேயே அந்த நம்பருக்குப் பேசியிருந்தால் எதுவும் போயிருக்காது. பேசச் சொல்ல ஊரில் ஒரு ஆள் இருந்திருந்தால் போதும்.

பன்னாட்டுப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு சொன்ன கணக்குப்படி, 2024இல் மட்டும் 312 கப்பல்களில் 3,133 மாலுமிகள் கைவிடப்பட்டார்கள். நாடுவாரியாகப் பார்த்தால் இந்தியர்தான் முதல் இடம், 899 பேர். காட்பாடி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் போஸ்டரைப் பாருங்கள்: பத்தாவது படித்தால் போதும், ஆறு மாதப் பயிற்சி, கப்பல் வேலை, டாலரில் சம்பளம். பட்டாளத்துக்கு உயரம் போதாத பையன்கள் அந்த நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆள் எடுக்கிறவருக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் லைசென்ஸ் இருக்க வேண்டும், லைசென்ஸ் வாங்கியவர் பெயர் இணையதளத்திலேயே இருக்கும். இதைப் போஸ்டர் சொல்லாது. நானே ஒரு லட்சத்து எண்பதாயிரம் கொடுத்துத்தான் போனேன். கழனியில் ஒரு பங்கை அடகு வைத்த பணம். இன்னும் மீட்கவில்லை.

இப்போது நான் கேட்பது. புதுக் கட்டடம் வேண்டாம், வாரியம் வேண்டாம், திட்டத்துக்குப் பெயரும் வேண்டாம். மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரு மேசை, ஒரு போன், அதை எடுக்கிற ஒரு ஆள். அவர் கடலைப் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மனைவியோ அம்மாவோ வந்து நின்றால் கேட்க வேண்டியது நாலைந்து விஷயம்தான்: கப்பலின் பெயரும் ஐ.எம்.ஓ. எண்ணும் (பெயர் மாறினாலும் மாறாத கப்பலின் அடையாள எண்), பையனின் சி.டி.சி. (மாலுமி அடையாளப் புத்தகம்) எண், அனுப்பிய ஏஜென்டின் லைசென்ஸ் எண், கடைசியாகச் சம்பளம் வந்த தேதி. அந்தத் தேதி இரண்டு மாதம் தாண்டியிருந்தால் அன்றைக்கே சென்னையிலும் மும்பையிலும் உள்ள கப்பல் துறை அலுவலகங்களுக்கும் அந்த நாட்டில் உள்ள நம் தூதரகத்துக்கும் எழுத வேண்டும், சுவரில் இருக்கும் காகிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு என்று பையனுக்குச் சொல்ல வேண்டும். மனுவின் ஓரத்தில் மீன்வளம் என்று எழுதாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஃபிலிப்பைன்ஸ் 2021 கடைசியில் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே தனித் துறை அமைக்கச் சட்டம் போட்டது, 2024இல் மாலுமிகளுக்கென்றே உரிமைச் சட்டம் ஒன்றும் கொண்டுவந்தது. அந்த நாடு தீவுக்கூட்டம், அவர்களுக்குக் கடல் வாசலில் இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். எங்களுக்கு வாசலில் இல்லை என்பதால்தான் கேட்கிறேன்.

நாடாளுமன்றத்தில் இருப்பவர்களிடம் இன்னொன்று. கப்பலைப் பிடித்து வைக்க எல்லா நாட்டுக்கும் உரிமை இருக்கட்டும், நமக்கும் இருக்கட்டும். நம் நாட்டில் 2017இல் வந்த கடல்சார் வழக்குச் சட்டப்படி, பிடிபட்ட கப்பலைக் கோர்ட் விற்றால் மாலுமியின் சம்பளப் பாக்கிக்கு முன்னுரிமை. நல்ல சட்டம். ஆனால் ஏலம் முடிகிறவரை அந்த ஆள் கப்பலிலேயே கிடக்க வேண்டியிருக்கிறதே, அதைக் கேளுங்கள். கப்பலுக்குக் காவல் வேண்டுமென்றால் பிடித்தவர் முதல் மாதத்திலேயே ஆள் போடட்டும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் பிடிபடுகிற கப்பலில் இருக்கும் வெளிநாட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். அவர் வீட்டிலும் யாரோ ஒருத்தி தினமும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

நான் சும்மா இருக்கவில்லை. எனக்குத் தெரிந்ததைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி ஜெராக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு போன் இருந்தால் இரண்டு என்றே எழுது. மாத்திரை கொண்டுபோனால் டாக்டர் சீட்டையும் வை. நண்பனின் பார்சலை வாங்காதே. கஸ்டம்ஸ் வைத்த சீலைச் சிகரெட் தீர்ந்துவிட்டது என்று பிய்க்காதே. சாப்பாட்டு ரூம் சுவரைப் படி. உங்கள் அலுவலகத்தில் ஒரு மூலையில் இதை வைக்க இடம் கொடுத்தால், எந்தத் திங்கட்கிழமை என்று சொல்லுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன். ஐ.டி.ஐ. பையன்களிடம் ஒரு மணி நேரம் பேசச் சொன்னாலும் வருகிறேன், பஸ் காசுகூட வேண்டாம்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் வருகிற 18ஆம் தேதி சைன் ஆன் ஆகிறான், அதாவது கப்பலில் வேலைக்குச் சேருகிறான். முதல் கப்பல், ஏறுவது துபாயில். நேற்று அவன் அம்மா என் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். மகனுக்கு ஆறு மாதத்துக்கு வரும்படி குருமா மசாலா அரைத்து வைத்திருப்பதாகச் சொன்னார். கசகசா போட்டிருக்கிறீர்களா அக்கா என்று கேட்டேன். இல்லாமல் எப்படி மணக்கும் என்றார். துபாயிலும் சவுதியிலும் சிங்கப்பூரிலும் கசகசா தடை செய்த பொருள், போதைப் பொருள் கணக்கில் சேர்ப்பார்கள் என்று சொன்னதும் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கிலோ அரைத்திருக்கிறார். அதை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, அவனுக்கு முந்திரி போட்டு வேறு அரைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கப்பல் ஃபிட்டர்,
திருவலம் அருகே.